சவுனாவில் ஆண்கள் முறை

லெப்பனியெமி, 18 ஆகஸ்ட் 1974

கைசு,

அன்றைக்கு இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர் ஆர்வி. எங்கள் மகன் ரெய்னோ. அவன் மனைவி நீ. உங்கள் மகள் மின்னா, இரண்டு வயது, உன் இடுப்பில். அக்கரை வில்ஹோ, ஆனால் அவன் நம் கரையில் இல்லை, அவனுடைய துறையில் ரெய்னோவோடு சேர்ந்து படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு உங்கள் மூத்தவன் பெத்ரி, ஆறரை வயது. வேறு ஒருவரும் இல்லை. கடைக்காரன் மனைவி தானும் இருந்ததாக ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். அவள் திங்கட்கிழமைதான் வந்தாள். ஒரு ஏலக்காய் ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் படகுத்துறையை எட்டி எட்டிப் பார்த்தாள். ரொட்டியும் வேகவில்லை.

நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம். உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று. நீ சாப்பிடுகிறாயா? மின்னாவுக்கு இருமல் நின்றதா?

பெத்ரியின் அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டாய், "அத்தை, சவுனா வாசல்ல நான் என்னதான் சொன்னேன்?" என்று. சபையில் பதில் சொல்வது எனக்கு வழக்கமில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் மாமியார் காலத்திலிருந்து இந்தக் கரையில் ஒரே ஒழுங்குதான். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் நீராவிக் குளியலுக்குச் சவுனாவுக்குள் போவோம். நாங்கள் வெளியே வந்ததும் ஆண்கள் முறை. ஆறு வயதுப் பையன் இரண்டு முறைக்கும் நடுவில் நிற்கிறவன். அதனால்தான் நான் உன்னிடம், "பையனையும் உள்ள கூப்பிடு" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். நீ, "அவனுக்கு இந்த வருஷம் ஆம்பளைங்களோட போகணுமாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். கான்ஸ்டபிளிடமும் இதைத்தான் சொன்னேன். ஆர்வியிடம் யாரும் எதுவும் ஒப்படைக்கவில்லை. அவர் விறகுக் கொட்டகையில் இருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சைமி


தம்பெரே, 2 செப்டம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் வந்தது. உங்கள் முட்டி வலி தேவலையா? மின்னாவுக்கு இருமல் இல்லை. நான் பஞ்சாலைக்குத் திரும்பிவிட்டேன். தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி.

நீங்கள் எழுதிய அந்தப் பேச்சு எனக்கு நினைவில் இல்லை. வாசலிலிருந்து ரெய்னோவின் அலறல் வரைக்கும் என் தலையில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. மாமா வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெத்ரி, கழுத்தில் துண்டோடு. இரண்டு பேரும் ஒரே மாதிரி கால் மேல் கால் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நான் சிரித்தேன். நீங்கள் என் தலைக்கு மேலாக மாமாவிடம் ஏதோ சொன்னீர்கள். அவர் "ம்ம்" என்றார்.

என்ன சொன்னீர்கள், அத்தை? சண்டைக்குக் கேட்கவில்லை. ரெய்னோ என்னிடம் பேசி மூன்று வாரம் ஆகிறது.

மாமாவுக்கு என் அன்பு.

கைசு


லெப்பனியெமி, 15 செப்டம்பர்

கைசு,

முட்டி வலி இருக்கத்தான் செய்கிறது. செத்த பிறகு போகும்.

படியில் அவர்கள் உட்கார்ந்திருந்தது மதியம். நீ நேரத்தைக் குழப்புகிறாய். ஐந்து மணிக்கு ஆர்வி கொட்டகையில் இருந்தார். நான் அவரிடம், "இன்னும் ரெண்டு கட்டை கொண்டா" என்றேன், அவர் "ம்ம்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு ஊர் சுற்றி வரும் வாத்தியாரிடம் இரண்டு குளிர்காலப் படிப்புதான். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவளுக்கு மண்டைதான் நோட்டுப் புத்தகம். போர் முடிந்த வருஷம் வில்ஹோ இரவல் வாங்கிய வைக்கோல் வாரியைப் பல்லுடைத்துத் திருப்பித் தந்தான். எந்தப் பல் என்று இன்றைக்கும் சொல்வேன், நடுவிலிருந்து நாலாவது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. உன் தலையில் ஓட்டை விழுந்தால் அதை என் வாயால் அடைக்கப் பார்க்காதே.

ஆர்வி நலம். இப்போதெல்லாம் சாலையோரத் தபால்பெட்டிக்கு நானே போய்வருகிறேன், நடை நல்லது என்கிறார்கள். மின்னாவுக்குக் காலுறை பின்னி அனுப்புகிறேன்.

சைமி


தம்பெரே, 20 அக்டோபர்

அத்தைக்கு,

காலுறை அளவாக இருக்கிறது. நன்றி. நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

ரெய்னோ வீட்டை விட்டுப் போய்விட்டார். ஆலை ஆட்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. போகும்போது சண்டை போடவில்லை. மின்னாவின் தொப்பியைச் சரிசெய்தார், கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டார். நான் கதவை மறித்துக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேங்க" என்றேன். அவர், "எங்கம்மாவுக்கு முப்பத்தொன்பதுல எந்தப் பசு எந்தக் கிழமை கன்னு போட்டுச்சுன்னு தெரியும். நீ நேத்து வச்ச சாவியத் தேடுற. நான் யாரை நம்பணும், கைசு?" என்றார்.

அவர் சொல்வது சரிதானே.

இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இப்போது எனக்கே அது கேட்கத் தொடங்கிவிட்டது. தறியில் நிற்கும்போது உங்கள் குரல் வருகிறது. "பையனையும் உள்ள கூப்பிடு." இரண்டு தடவை. பிறகு கதவு சாத்துகிற சத்தம், என் கை. முன்பு இல்லாத நினைவு இப்போது இருக்கிறது. நான்தான் என் பிள்ளையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன் என்றால் அதோடு வாழ்ந்துகொள்கிறேன். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். இன்னொரு தடவை யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் இன்னொரு தடவை சொன்னால் நான் இனிக் கேட்கவே மாட்டேன்.

கைசு


லெப்பனியெமி, 3 நவம்பர்

கைசு,

காட்டுப் பழ ஜாம் இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கொடு. ஏரி ஓரமாக உறையத் தொடங்கிவிட்டது.

ரெய்னோ திரும்பி வருவான். ஆம்பிளைகள் கட்டில் குளிர்ந்தால் வருவார்கள்.

நாய் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விடுகிறது. அதனால் வாசல் கதவில் மாட்டு மணி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தூக்கம் குறைவு. அதனால் கடிதம் சின்னது.

சைமி


தம்பெரே, 29 டிசம்பர்

அத்தைக்கு,

பண்டிகையை நானும் மின்னாவும் என் தங்கை வீட்டில் கழித்தோம். ரெய்னோ ஒரு மணி நேரம் வந்து மின்னாவுக்கு ஒரு மரப் பசு கொடுத்துவிட்டுப் போனார்.

உங்கள் வாழ்த்து வந்தது. உறையில் உங்கள் கையெழுத்து. உள்ளே இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று உங்களுடையது. மற்றது மாமா எழுதியது. நீங்கள் ஒட்டுவதற்கு முன் அவர் உள்ளே செருகியிருக்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"பெத்ரிக்கு, கிறிஸ்துமஸ் வாழ்த்து. உன்னை ஆண்கள் முறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பாட்டி என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். நான் மறக்கவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்திரு, வந்துவிடுகிறேன். தாத்தா."

நான் இதைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து படித்தேன்.

இன்னொன்று. உங்கள் நாய் போன வசந்தத்திலேயே செத்துப்போனது. பெத்ரி தொலைபேசியில் அழுதான், நீங்கள்தான் சமாதானம் சொன்னீர்கள். நீங்கள் எதையும் மறக்காதவர். அந்த மணி யாருக்கு?

கைசு


லெப்பனியெமி, 8 ஜனவரி 1975

கைசு,

அந்த அட்டையைத் திருப்பி அனுப்பு. வயதான மனுஷன் விளையாட்டாகக் கிறுக்கியது. யாருக்கும் காட்டாதே. தபால் தலை உள்ளே வைத்திருக்கிறேன்.

சைமி


தம்பெரே, 19 ஜனவரி

அத்தைக்கு,

உங்கள் தபால் தலையை இந்தக் கடிதத்துக்கே ஒட்டியிருக்கிறேன். அட்டையை அனுப்ப மாட்டேன்.

மாமா எத்தனை நாளாக இப்படி இருக்கிறார்? ஜூலையில் நாங்கள் வந்தபோதே இருந்ததா? எனக்குச் சில விஷயங்கள் இப்போது விளங்குகின்றன. சாப்பாட்டு மேசையில் யாராவது அவரிடம் கேள்வி கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னீர்கள். "அவரைப் பேச விடுங்கம்மா" என்று ரெய்னோ கேலி செய்தார். நீங்கள், "நாப்பது வருஷம் பேசிட்டாரு, போதும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தோம்.

மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன். பெத்ரி வருகிறான் என்றால் முதல் நாளே மீன்பிடிக்கப் புழு தோண்டி வைக்கிற மனுஷர் அவர்.

அட்டையை ரெய்னோவிடம் காட்ட மாட்டேன். காட்டினால் கிழவரின் கிறுக்கல் என்பார், அல்லது நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன் என்பார். அவர் நம்புவது ஒரே ஒருவரைத்தான். அதனால் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமாவுக்குக் கழுத்துத் துண்டு கட்டிவிடுங்கள், காற்று கடுமை.

கைசு


தம்பெரே, 2 மார்ச்

அத்தைக்கு,

நலமா? நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது.

மணவிலக்குக் காகிதங்களை ரெய்னோ வாங்கி வைத்திருக்கிறார். ஈஸ்டர் முடிந்ததும் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. "உன் முகத்தைப் பாத்தா அந்தக் கதவுதான் தெரியுது" என்றார், சொல்லிவிட்டு அழுதார். மின்னா அவருக்குத் தன் ரொட்டியைக் கொடுத்தாள்.

வேறு ஒன்றும் இல்லை.

கைசு


லெப்பனியெமி, 23 மார்ச், குருத்தோலை ஞாயிறு

கைசு,

நீயும் மின்னாவும் சுகமாக இருக்க வேண்டும். இதை மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மணி அடித்து நான் எழுந்து போனது என்று வைத்துக்கொள்.

போன வருஷம் மே மாதம் தொடங்கியது. தபால்பெட்டிக்குப் போன ஆர்வி சாயங்காலம் வரை வரவில்லை. பாதி வழியில் நின்றுகொண்டிருந்தார். "எந்தப் பக்கம் போகணும், சைமி?" என்றார். அவர் பிறந்த வீடு, அவர் வெட்டிய பாதை. அப்புறம் தண்ணீர் இல்லாத காபிப் பாத்திரம் அடுப்பில் சிவக்கும். ரெய்னோவை, போரில் செத்த தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டாக்டரிடம் போகவில்லை. போனால் மூளை நரம்பில் சுண்ணாம்பு படிகிறது என்பார், ஊர் முதியோர் இல்லத்துக்கு எழுதிக் கொடுப்பார். அது முன்பு ஏழைகள் விடுதி. என் அம்மா அங்கேதான் இரும்புக் கட்டிலில் செத்தாள், பக்கத்துக் கட்டில் கிழவி அவள் ரொட்டியைத் திருடிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டிடம் இருக்கிற பக்கமாக நான் நாற்பது வருஷம் நடந்ததில்லை. எதிர்ப் பக்கம்தான்.

நீங்கள் ஜூலையில் லீவுக்கு வருவதாக எழுதியபோது நான் ஆர்விக்குப் பாடம் நடத்தினேன். இது உன் மகன், இது மருமகள், இது பெத்ரி. சமாளித்தார். நாலு நாள் யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆம்பிளை மாதிரி நடந்தார், ஆம்பிளை மாதிரி சாப்பிட்டார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவர்கள் இருவரும் படியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கால் மேல் கால். உன் நினைவு சரி. நீதான், "பெத்ரி, நீயும் எங்களோட உள்ள வா" என்றாய். அவன், "நான் தாத்தாவோட போறேன்" என்றான். நீ என்னைப் பார்த்து, "மாமா பாத்துப்பாரா, அத்தை? தண்ணி பக்கத்துல இருக்கே" என்றாய். நான் சொன்னேன், "அவரு நாலு பிள்ளைய இந்தக் கரையிலதான் வளர்த்தாரு. ஒண்ணையும் தொலைக்கல." பிறகு உன் தலைக்கு மேலாக, "ஆர்வி, பையன் உன் பொறுப்பு. ரெய்னோ வந்ததும் ஆம்பளைங்க முறைக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன். அவர் "ம்ம்" என்றார். சந்தோஷப்பட்டார். யாரோ தன்னை நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள் என்று முதுகு நிமிர்ந்தது. அந்த முதுகைப் பார்க்கத்தான் நான் சொன்னேன். கதவைச் சாத்தியது நான்.

அவர் எப்போது எழுந்து கொட்டகைக்குப் போனார் என்று தெரியாது. நான் வெளியே வந்தபோது கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "பையன் எங்க?" என்றேன். "எந்தப் பையன்?" என்றார். அந்த நேரத்தில்தான் அக்கரையிலிருந்து படகில் திரும்பிய ரெய்னோ தண்ணீர்ப் பக்கமிருந்து அலறினான். பெத்ரி தனியாகத் துறைக்குப் போயிருக்கிறான். சவுனா முடிந்து ஆண்கள் குதிக்கிற இடம் அது. குதித்துப் பழகப் போயிருப்பான் என்று வில்ஹோ சொல்கிறான். இருக்கலாம்.

கான்ஸ்டபிள் வந்து, "பையன் யார்கிட்ட இருந்தான்?" என்று கேட்டபோது நீ புல்லில் உட்கார்ந்திருந்தாய். ஆர்வி வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன். அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். பெத்ரி போய்விட்டான், அவனை இனி யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது. இருக்கிறவரையாவது வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். நீ இளையவள், தாங்குவாய் என்று நினைத்தேன். ஒருமுறை சொன்ன பொய்யை மறக்கவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு சொல் மாறாமல் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள்.

அந்த மணி யாருக்கு என்று கேட்டாயே. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆர்வி துண்டை எடுத்துக்கொண்டு வந்து, "பையன் எங்க, சைமி? என்னை நம்பி விட்டிருக்கியே" என்பார். முதலில் உண்மையைச் சொன்னேன். அவர் அப்போதுதான் கேட்கிறவர் மாதிரி விழுந்து அழுதார். அடுத்த சனிக்கிழமை மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன், மறுபடி அழுதார். மூன்றாவது வாரம், "பொம்பளைங்க முறையில இருக்கான்" என்றேன். "அப்ப சரி" என்று உட்கார்ந்துகொண்டார். கான்ஸ்டபிளிடம் சொன்னதற்குப் பிறகு இது இரண்டாவது பொய். அது அவரை மட்டும்தான் தூங்க வைக்கிறது.

போன சனிக்கிழமை அவர் கேட்கவில்லை. துண்டையும் எடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துவிட்டு, "நீங்க இந்த வீட்டு வேலைக்காரங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். இனி நான் காப்பாற்றி வைக்க அங்கே ஒன்றும் இல்லை. அது போன பிறகுதான் எழுதத் துணிந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நல்லவள் ஆகி எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பால் லாரியில் ஏறிக் கான்ஸ்டபிள் வீட்டுக்குப் போனேன். சொன்னதைத் திருத்தி எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். ரெய்னோவுக்கும் இதே தபாலில் எழுதுகிறேன். இதில் இருப்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவன் என்னிடம் வந்து கத்தட்டும். உன் வீட்டு வாசலில் வந்து நின்றால் நீ கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம், நான் அவனுக்காகப் பேச மாட்டேன். வியாழக்கிழமை டாக்டர் வருகிறார். இல்லத்தில் ஆர்விக்கு ஜன்னலோரக் கட்டில் கேட்டிருக்கிறேன். தினமும் போவேன், அந்தப் பக்கமாகவே நடந்து.

என்னை மன்னித்தேன் என்று எழுதாதே. எழுதினால் திருப்பி அனுப்புவேன். வில்ஹோவை விட்டுவிட்டேன், முப்பது வருஷப் பகை, நேற்று மீன் கொண்டு வந்தான், உள்ளே கூப்பிட்டேன். வேகாத ரொட்டிக்காரியையும் விட்டாயிற்று. என் அம்மாவின் ரொட்டியைத் திருடிய கிழவியைக்கூட விட்டுவிட்டேன், அவளுக்கும் பசித்திருக்கும். ஆர்வியிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. நீ கூப்பிட்டாய், நீ கேட்டாய்.

ஒருத்தியை மட்டும் விட மாட்டேன். எனக்கு மறதி வந்தாலும், இந்தக் காகிதம் உன்னிடம் இருக்கட்டும் என்று முழுப் பெயரையும் எழுதுகிறேன்.

சைமி எலினா தார்வைனன்.